இரைப்பைக் கட்டியின் நுண்குழாய்கள்: டெம், ரெசின் வார்ப்பு, முப்பரிமாணத் தொகுதி, பழைய பாரஃபின் பிளாக் – எதைத் தேர்ந்தெடுப்பது?

இரைப்பைப் புற்றுக்கட்டிக்குள் ஓடும் நுண் இரத்தக் குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்களும் நோய்க்கூறியல் ஆய்வகங்களில் பணிபுரிபவர்களும் கேட்பது இதைத்தான்: மெல்லிய வெட்டின் ஊடே எலக்ட்ரான்களைச் செலுத்திப் பார்க்கும் டெம் (TEM) போதுமா? குழாய்க்குள் ரெசின் நிரப்பி வார்ப்பு எடுத்து, மேற்பரப்பை வருடிப் பார்க்கும் செம்மில் (SEM) பார்க்கலாமா? திசுவைச் சீவிச் சீவிப் படமெடுத்து அடுக்கும், இப்போது எல்லோரும் பேசும் முப்பரிமாணத் தொகுதி முறைக்குப் போகலாமா? மெழுகில் புதைத்துச் சேமித்த திசுவான, கையில் இருக்கும் பாரஃபின் பிளாக்கே உதவுமா?

எந்தக் கருவி காலியாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். குழாயில் எதைப் பார்க்கப் போகிறீர்கள், திசு எந்த நிலையில் உங்கள் கைக்கு வரும் என்ற இரண்டையும் முதலில் தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு முறையைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமல்ல. இந்த இரண்டையும் எழுதாமல் தொடங்கும் ஆய்வுகள், எவ்வளவு நல்ல நுண்ணோக்கி கிடைத்தாலும், திசுவின் சேதத்தைக் கட்டியின் இயல்பு என்று எழுதி முடிகின்றன.

## முதலில் அளவுகோல்கள்

பார்க்க வேண்டிய பொருளின் அளவு. ஒரு தந்துகியின் குறுக்களவு 5 முதல் 10 மைக்ரான். அதன் உட்புறத்தில் படர்ந்திருக்கும் எண்டோதீலியச் செல், மெலிந்த இடங்களில் 0.3 மைக்ரானுக்கும் குறைவு. செல்லில் இருக்கும் சாளரத் துளைகள் 60 முதல் 80 நானோமீட்டர். அந்தச் செல்லைத் தாங்கும் அடித்தளச் சவ்வு ஏறக்குறைய 50 முதல் 100 நானோமீட்டர். இந்தச் சுவர் விவரங்கள் வேண்டுமா? குழாய்கள் எப்படிக் கிளைத்து நெளிகின்றன என்ற வலையமைப்பு வேண்டுமா? ஒரே குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் பாதை வேண்டுமா? இல்லை, எண்ணிக்கை மட்டும் போதுமா? நான்கு கேள்விக்கும் ஒரே முறை பதில் சொல்லாது.

நிலைப்படுத்தும் நேரம். இரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து திசு, அதை அழியாமல் காக்கும் நிலைப்படுத்தும் திரவத்துக்குள் போகும்வரை எவ்வளவு நேரம்? எண்டோதீலியம் இந்த இடைவெளியை மிக விரைவாகக் காட்டிக்கொடுக்கும் செல்.

திசு மீளுமா. நோயாளியின் கட்டியை முதலில் பார்க்க வேண்டியவர் நோய்க்கூறியல் மருத்துவர். ஊடுருவிய ஆழத்தையும் நிணமுடிச்சுகளையும் அவர் சொன்ன பிறகுதான் சிகிச்சை முடிவாகும். ஆய்வுக்காக எடுக்கும் துண்டு அந்த அறிக்கையைத் துளியும் கெடுக்கக் கூடாது. இதில் பேரமே இல்லை.

மாதிரியின் பரப்பு. 70 நானோமீட்டர் தடிப்பில் வெட்டினால், 1 மி.மீ. கனத்துண்டை முழுதாகப் பார்க்க 14,000-க்கும் மேற்பட்ட வெட்டுகள் வேண்டும். யாரும் அதைச் செய்வதில்லை. ஆகவே எந்த இடத்தை ஏன் பார்த்தீர்கள் என்பதற்கு விதி ஒன்று முன்கூட்டியே இருக்க வேண்டும்.

செலவு. கருவியின் மணிக்கட்டணம் இதில் சிறு பகுதிதான். வைரக்கத்தி, இறக்குமதி ரெசின், கணினிச் சேமிப்பு, படங்களில் கோடு வரையும் மனித உழைப்பு, மின்தடையில் போகும் இரவுகள் ஆகியவையே பட்ஜெட்டை விழுங்கும்.

## எல்லா முறைக்கும் பொதுவான பொறிகள்

முறைகளுக்குள் போகும் முன் இவற்றைச் சொல்லியாக வேண்டும். எந்த முறையை எடுத்தாலும் இவை விடாது.

முதலாவது, இரத்தம் நின்ற திசு. இரைப்பையை வெட்டி எடுக்கும் அறுவையில் தமனிகள் முன்னதாகவே கட்டப்படுகின்றன. உறுப்பு வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் திசு உடல் சூட்டிலேயே இருக்கிறது. எண்டோதீலியச் செல் வீங்கும், மைட்டோகாண்ட்ரியா உப்பும், செல்களுக்கு இடையே இடைவெளி விழும். "கட்டிக் குழாய்களில் எண்டோதீலியம் வீங்கி, இணைப்புகள் தளர்ந்துள்ளன" என்று எழுதத் தூண்டும் படம் இதுதான். இதைப் பிரித்தறிய ஒரே வழி, அதே இரைப்பையில் கட்டியிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் தள்ளி, அதே நிமிடத்தில், அதே கையால் எடுத்த ஒப்பீட்டுத் துண்டு. அதிலும் வீக்கம் இருந்தால் அது கட்டியின் குணம் அல்ல.

இரண்டாவது, சாளரத் துளைகள். இரைப்பையின் சளிப்படலத்தில் உள்ள இயல்பான தந்துகிகளுக்கே சாளரங்கள் உண்டு. தசையடுக்கின் தந்துகிகள் துளையற்றவை. ஆக, "கட்டிக் குழாயில் சாளரம் கண்டோம்" என்பது எந்த அடுக்கிலிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாதவரை எதையும் சொல்லாது. தசைக்குள் ஊடுருவிய பகுதியில் சாளரமுள்ள குழாய் கிடைத்தால்தான் அது செய்தி.

மூன்றாவது, நிணக்குழாய். நுண் நிணக்குழாய்க்குத் தொடர்ச்சியான அடித்தளச் சவ்வு இருக்காது, குழாயை வெளியிலிருந்து பற்றி நிற்கும் பெரிசைட் செல்லும் இருக்காது. கட்டியின் முதிராத இரத்தக் குழாய்க்கு நாம் எழுதிவைத்திருக்கும் இலக்கணமும் கிட்டத்தட்ட அதுவே. உள்ளே சிவப்பணு இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வெட்டும்போது கசிந்த இரத்தம் நிணக்குழாய்க்குள்ளும் போகும். எண்டோதீலியத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும் நங்கூர இழைகளைத் தேடுங்கள். பக்கத்துப் பாரஃபின் துண்டில், நிணக்குழாயைக் காட்டும் டி2-40 சாயமேற்றியும் உறுதி செய்துகொள்ளலாம்.

நான்காவது, புண்ணின் அடித்தளம். இரைப்பைக் கட்டிகள் பெரும்பாலும் மேலே புண்ணாகியிருக்கும். அந்த இடத்தில் வளரும் ஆறும் திசுவிலும் புதுக் குழாய்கள் நிறைந்திருக்கும். அவையும் கசியும், அவற்றின் சுவரும் முதிராதது. கட்டியின் குழாய் என்று எழுத வேண்டுமானால், குழாயைச் சுற்றிலும் கட்டிச் செல்கள் இருப்பதை முதலில் ஒளி நுண்ணோக்கியில் காட்டுங்கள்.

மின்கத்தி சுட்ட விளிம்பையும் ஸ்டேப்ளர் ஊசி வரிசையையும் விட்டு விலகி எடுங்கள். சுட்ட விளிம்பில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஓர் உலோக ஊசி தப்பி வந்தால் வைரக்கத்தியின் முனை போய்விடும்.

## வழி 1: டெம் – மெல்லிய வெட்டு

சுவரைப் பற்றிய கேள்விக்கு இதுதான் முறை. எண்டோதீலியச் செல்களின் இணைப்பு, சாளரங்கள், அடித்தளச் சவ்வு பல அடுக்காகப் பிரிந்திருப்பது, பெரிசைட் ஒட்டியிருக்கிறதா விலகி நிற்கிறதா, வெளிப்பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒட்டியிருக்கின்றனவா – எல்லாம் இதில் தெரியும். செல் உருக்குலைந்து எண்டோதீலியமா கட்டிச் செல்லா என்ற ஐயம் வந்தால், 1964-இல் வெய்பெல், பலாடே இருவரும் விவரித்த நீள்துகள்கள் உதவும். 0.1 முதல் 0.2 மைக்ரான் அகலமுள்ள அவை இருந்தால் எண்டோதீலியம் என்று எழுதலாம். இல்லாவிட்டால் எண்டோதீலியம் அல்ல என்று எழுத முடியாது. தந்துகிகளில் அவை குறைவு.

செய்முறை: 1 மி.மீ.க்கு மேற்படாத துண்டுகள், 0.1 மோலார் கேகோடைலேட் அல்லது பாஸ்பேட் பஃபரில் 2.5% குளூட்டரால்டிஹைடு, பி.எச். 7.2 முதல் 7.4. குளூட்டரால்டிஹைடு திசுவுக்குள் மெதுவாகவே ஊறும். பெரிய துண்டின் நடுப்பகுதி, திரவத்தில் மிதந்துகொண்டே அழியும். பஃபரில் கழுவி 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடில் ஒரு மணி நேரம். எத்தனால் 30, 50, 70, 90, 100 சதவீதம், பிறகு புரொப்பிலீன் ஆக்சைடு, எப்பாக்சி ரெசின், 60 டிகிரியில் 48 மணி நேரம். ஒரு மைக்ரான் அரைமெல்லிய வெட்டில் டொலுயிடின் நீலம் ஏற்றிக் குழாய் இருக்கும் இடத்தைப் பிடித்து, பிளாக்கை அந்த இடத்துக்குச் செதுக்கி, 60 முதல் 90 நானோமீட்டர் வெட்டு. யுரேனைல் அசிட்டேட், ஈய சிட்ரேட் சாயம். 80 முதல் 100 கிலோவோல்ட்.

கெடுவது எங்கே? இரைப்பையில் சளி. மியூசின் நிறைந்த கட்டியிலும், செல்லுக்குள் சளி நிறைந்து மோதிரம்போல் தெரியும் முத்திரை மோதிரச் செல் வகையிலும் ரெசின் முழுதாக ஊறாது. வெட்டில் ஓட்டைகள் விழும், வெட்டு கிழியும். புரொப்பிலீன் ஆக்சைடும் ரெசினும் 1:1, பிறகு 1:3 கலவையில் சுழற்றியபடி ஓர் இரவு கூடுதலாக வையுங்கள். நார்த்திசு இறுகிய கட்டிக்கும் அதே மருந்து.

டர்பன் கோடையின் ஈரப்பதம் இன்னொரு எதிரி. திறந்து மூடிய 100% எத்தனால் சில நாட்களிலேயே 100% அல்ல; ரெசினின் கடினமாக்கியும் ஈரத்தில் கெடும். பிளாக் மெழுகுபோல் மென்மையாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இவையே. எத்தனாலில் மூலக்கூறுச் சல்லடை மணிகள் போட்டு வையுங்கள்; ரெசின் புட்டியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தால் அறைச்சூட்டுக்கு வந்த பிறகே திறங்கள்.

ஈயச் சாயத்தில் கரும்புள்ளிகள் வந்தால் காற்றின் கார்பன் டை ஆக்சைடு காரணம். கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் கழுவி, சாயமேற்றும் தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் நான்கைந்து வையுங்கள்.

அளவெடுக்கும்போது இரண்டு விதிகள். சாய்வாக வெட்டுப்பட்ட குழாயில் சுவர் தடித்தே தெரியும். நீள விட்டம் குறுக்கு விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அந்தக் குழாயை விடுங்கள். அடுத்தது கணக்கு: ஒரு நோயாளியின் 40 குழாய்கள் 40 மாதிரிகள் ஆகாது. நோயாளிதான் அலகு.

மறைச்செலவு: கேகோடைலேட்டில் ஆர்சனிக் இருக்கிறது, யுரேனைல் அசிட்டேட் கதிரியக்கப் பொருள். இரண்டின் கழிவுக்கும் தனிக் கலனும் பதிவேடும் வேண்டும். ஆஸ்மியம் இந்த நாட்டுப் பிளாட்டினச் சுரங்கங்களில் கூடவே வரும் உலோகம்தான். இருந்தும் ஆய்வகத்துக்குரிய ஆம்பூல் மலிவாக வருவதில்லை. நல்ல வெட்டு போடப் பழகிய கை ஒன்றுக்கு ஈடான செலவு வேறெதுவும் இல்லை. அந்தக் கை உங்கள் நிறுவனத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று: பெரிய கருவி கிடைத்தால் படமும் பெரிதாக வரும் என்று எண்ண வேண்டாம். கெபெர்ஹாவில் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் உயர்பிரிதிறன் மையம் அணு அளவில் பொருள்களைப் பார்ப்பதற்காக அமைந்தது. குழாய்ச் சுவருக்கு அது தேவையில்லை. வோல்ட்டேஜ் கூடக் கூட உயிர்த்திசுவின் நிறவேறுபாடு குறையும்.

## வழி 2: ரெசின் வார்ப்பும் செம்மும்

டெம் வெட்டு முருங்கைக்காயைக் குறுக்கே நறுக்கிய வில்லை மாதிரி. தோலின் தடிப்பு தெரியும், காய் எங்கே வளைந்தது என்று தெரியாது. வலையமைப்பைப் பார்க்க வார்ப்புதான். குழாய்க்குள் குறைந்த பாகுத்தன்மையுள்ள ரெசினைச் செலுத்தி, இறுகியபின் திசுவைக் காரத்தில் கரைத்துவிட்டு, மிஞ்சும் வார்ப்பைச் செம்மில் பார்ப்பது. மெத்தில் மெத்தாக்ரிலேட் வார்ப்பைச் செம்மோடு இணைத்துச் செம்மைப்படுத்தியவர் முராகாமி, 1971-இல்.

படிகள்: தமனியில் குழலைச் செருகி, ஹெப்பாரின் கலந்த 37 டிகிரி உப்புநீரால் சிரைவழி தெளிவாக வரும்வரை அலசுதல், வினையூக்கி கலந்த மெர்காக்ஸ் என்ற வார்ப்பு ரெசினைச் சில நிமிடங்களுக்குள் செலுத்துதல், வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரியில் ஓர் இரவு இறுகவிடுதல், பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பல நாட்கள் கரைத்து இடையிடையே நீரில் அலசுதல், நீரில் உறையவைத்துப் பனிக்கட்டியோடு வெட்டி, உறைநிலையிலேயே உலர்த்துதல், பிறகு பொன்பூச்சு. கிளைகளுக்கு நடுவே மின்கடத்திப் பசை போதாவிட்டால் படம் வெளிறி நகரும்.

வார்ப்பின் மேற்பரப்பே பேசும். எண்டோதீலியச் செல்களின் உட்கருத் தடம் தமனியில் நீண்டு, ஓட்டத்தின் திசையிலேயே வரிசையாக இருக்கும்; சிரையில் வட்டமாக, ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். கட்டிக்குள் இந்த வேறுபாடே கலைந்துபோவதைக் காணலாம்.

நம்பக் கூடாதது இரண்டு. முனை மூடிய குழாயைக் கண்டதும் "முளை" என்று எழுதாதீர்கள். உருண்டு வழவழப்பாக முடிந்தால் ரெசின் அங்கே வந்து நின்றுவிட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள். ரெசின் வெளியே கசிந்த மேடு கட்டிக் குழாயின் கசிவாகவும் இருக்கலாம், நீங்கள் அழுத்திய வேகமாகவும் இருக்கலாம். அழுத்தமானி இல்லாமல் கையால் ஊசியை அழுத்திய வார்ப்பில் கசிவைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

பெரிய தடை வேறு. வார்ப்பு எடுத்த திசு போய்விடும். மனித இரைப்பையில் கட்டியின் ஆழத்தை அளக்கவும், குறைந்தது 16 நிணமுடிச்சுகளைத் தேடவும் நோய்க்கூறியல் மருத்துவருக்கு முழு உறுப்பு வேண்டும். ஆகவே இந்த முறையை விலங்கு மாதிரிகளுக்கே வைத்துக்கொள்ளுங்கள்: எலியில் வேதிப்பொருளால் தூண்டிய இரைப்பைக் கட்டி, சுண்டெலியில் பதியமிட்ட மனிதக் கட்டிச் செல்கள். அங்கே இதற்கு இணையில்லை. மனித மாதிரியில், நோய்க்கூறியல் துறையின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது.

மறைச்செலவு: எரியும் திரவம் என்பதால் மெர்காக்ஸ் விமானத்தில் அபாயச் சரக்காகத்தான் வரும், தாமதத்தைத் திட்டத்தில் சேருங்கள். ரெசின் இறுகும்போது சுருங்கும், ஆகவே விட்டத்தை உயிருள்ள குழாயின் விட்டமாகச் சொல்ல முடியாது. அதே வார்ப்பு முறையில் எடுத்த இயல்பான இரைப்பையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

## வழி 3: முப்பரிமாணத் தொகுதி

பிளாக்கின் முகத்தைச் செம்முக்குள்ளேயே வைரக்கத்தியால் சீவிச் சீவி, ஒவ்வொரு முறையும் படமெடுக்கும் முறையை டெங்க், ஹோர்ஸ்ட்மன் இருவரும் 2004-இல் வெளியிட்டார்கள். ஒரு பெரிசைட் எத்தனை கால்களால் குழாயைப் பற்றுகிறது, எண்டோதீலிய இடைவெளி குழாயை ஊடறுத்து வெளியே போகிறதா, குழாய்க்கு நடுவே தூண்போல் வளரும் தடுப்பு இரு பக்கமும் தொடுகிறதா – இவற்றுக்கு ஒற்றை வெட்டில் விடை கிடைக்காது.

தட்டையான எலக்ட்ரான் படங்களிலிருந்து முப்பரிமாண உருவைக் கணித முறையில் மீட்கலாம் என்று 1968-இல் காட்டிய இருவரில் ஒருவரான ஆரன் க்ளக் டர்பனில் வளர்ந்து, டர்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1982-இல் வேதியியல் நோபல் பெற்றார். அவர் கையாண்டது மூலக்கூறு அளவு, வழியும் வேறு. என்றாலும் இந்த ஊர் மாணவர்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.

கணக்கைப் பாருங்கள். 50 மைக்ரான் கனசதுரம், படப்புள்ளி 10 நானோமீட்டர், சீவல் 50 நானோமீட்டர் என்றால் 5,000 × 5,000 புள்ளிகள் கொண்ட 1,000 படங்கள்: 25 ஜிகாபைட். ஒரு புள்ளிக்கு 2 மைக்ரோவிநாடி என்றால் படத்துக்கு 50 விநாடி. சீவலுக்கு 25 விநாடி சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 21 மணி நேரம். 100 மைக்ரான் கனசதுரத்துக்கு அதே நுணுக்கத்தில் 200 ஜிகாபைட். இவ்வளவுக்கும் கிடைப்பது ஒரு நோயாளியின் ஒரு குழாய், அதிகம் போனால் இரண்டு மூன்று. அதன்பிறகு சுவரை அடுக்கடுக்காகக் கோடிட்டுப் பிரிக்கும் வேலை வாரக்கணக்கில் நடக்கும். இந்த உழைப்புக்கு யாரும் பட்ஜெட்டில் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

குழாய் ஆய்வுக்கு இதில் தனியான தொல்லை ஒன்று உண்டு. குழாயின் உள்வெளி வெறும் ரெசின், மின்சாரம் கடத்தாது. எலக்ட்ரான் கற்றை பட்டதும் அங்கே மின்னூட்டம் தேங்கிப் படம் இழுபடும், அதுவும் சரியாக எண்டோதீலியத்தின் விளிம்பில். ஆஸ்மியம் – தயோகார்போஹைட்ரசைடு – ஆஸ்மியம் என்ற அடுக்குச் சாயமும், யுரேனைல், ஈய ஆஸ்பார்ட்டேட்டும் பிளாக்கிலேயே ஏற்றினால் திசு கடத்தும். உள்வெளி அப்போதும் கடத்தாது. உள்ளே சிவப்பணுக்கள் நிறைந்த குழாயைத் தேர்ந்தெடுப்பது எளிய தீர்வு. அல்லது சீவும் முகத்தில் சிறிது நைட்ரஜன் பாய்ச்சும் வசதியுள்ள கருவியைக் கேளுங்கள்.

சீவியது குப்பை, திரும்ப வராது. அதனால்தான் பல ஆய்வுகளுக்கு, தொடர் வெட்டுகளைச் சிலிக்கான் தகட்டில் வரிசையாக ஒட்டி, சாதாரண புலஉமிழ்வுச் செம்மில் திரும்பிச் சிதறும் எலக்ட்ரான்களைப் பிடிக்கும் பின்சிதறல் உணர்கருவியால் படமெடுப்பது மேல். வேலை அதிகம்தான், ஆனால் வெட்டுகள் பெட்டியில் பத்திரமாக இருக்கும், தவறிய இடத்தைத் திரும்பப் பார்க்கலாம். மின்தடை வந்தாலும் ஒரு படம்தான் போகும். 2023-இல் நாடு கண்ட மின்வெட்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு 21 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டிய வேலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. யு.பி.எஸ். கணினியைக் காக்கும், குளிர்நீர் இயந்திரமும் வெற்றிடப் பம்புகளும் அதில் இணைந்திருக்கின்றனவா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

கருவி வெளிநாட்டில்தான் என்றால், மனிதத் திசுவை அனுப்ப 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின்கீழ் ஏற்றுமதி அனுமதியும், 2018-இல் அரசிதழில் வெளியான பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். ரெசினில் புதைத்த பிளாக்கும் மனிதத் திசுதான் என்று கொண்டே விண்ணப்பியுங்கள். நோயாளியின் சம்மதப் படிவத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றிய வரி இல்லையென்றால், அங்கேயே நின்றுவிடும்.

## வழி 4: பழைய பாரஃபின் பிளாக்

ஃபார்மலினில் நிலைப்படுத்திப் பாரஃபினில் புதைத்த திசுவை சைலீனில் மெழுகு நீக்கி, நீரேற்றி, ஆஸ்மியத்திலிட்டு, ரெசினில் மறுபடி புதைக்கலாம். சவ்வுகள் சிதைந்திருக்கும்; சாளரம், இணைப்பு, நுண்பைகள் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அடித்தளச் சவ்வின் பொது வடிவம், பெரிசைட் இருப்பது, தட்டணுத் திரள், ஃபைப்ரின் கசிவு ஆகியவை தேறும்.

இதன் உண்மையான பலம், எந்தக் குழாய் வேண்டும் என்று நீங்களே சுட்டிக்காட்ட முடிவது. சாயமேற்றிய கண்ணாடித் துண்டில் குழாயைக் குறித்து, மேல்மூடியைச் சைலீனில் ஊறவைத்து எடுத்து, ஆஸ்மியம், எத்தனால் படிகளைத் துண்டின் மேலேயே முடித்து, ரெசின் நிறைந்த காப்ஸ்யூலை அந்தக் குழாயின்மேல் கவிழ்த்து இறுகவிட்டால், துண்டின் திசு ரெசினோடு ஒட்டி வரும். சூடான தட்டில் சிறிது வைத்துச் சட்டெனப் பிரித்தெடுக்கலாம். கிடைப்பது நான்கைந்து மைக்ரான் தடிப்பு மட்டும். முதல் வெட்டிலேயே கவனம் தேவை.

பல ஆண்டுகளின் சேமிப்பிலிருந்து, நோயின் போக்கு தெரிந்த நோயாளிகளை எடுத்துப் பார்க்க இது ஒன்றே வழி. புதிய திசு கிடைக்கும் நிலையில் இதைத் தேர்ந்தெடுப்பதை நியாயப்படுத்த முடியாது.

## எலக்ட்ரான் நுண்ணோக்கியே வேண்டாத இடம்

குழாய்களின் அடர்த்திதான் கேள்வி என்றால் எண்டோதீலியத்தைக் காட்டும் சிடி34 அல்லது சிடி31 சாயமேற்றிய பாரஃபின் துண்டு போதும். குழாய்கள் நெருங்கிய இடத்தைக் குறைந்த பெருக்கத்தில் தேடி, 200 மடங்கில் எண்ணும் வழியை வைட்னர் குழுவினர் 1991-இல் மார்பகப் புற்றில் வகுத்தார்கள். அந்த வழி மற்ற கட்டிகளுக்கும் பரவியது. நூறு நோயாளிகளை இப்படி எண்ணலாம். டெம்மில் பத்துப் பேரை முடிப்பதே பெரும்பாடு. பெரிசைட் போர்வையின் தோராயத்துக்குச் சிடி34-உடன் ஆல்ஃபா மென்தசை ஆக்டினை இரட்டைச் சாயமாக ஏற்றினாலும் ஒரு முதல் விடை கிடைக்கும். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ராமுசிருமாப் 2014 முதல் இரைப்பைப் புற்றுக்கு மருந்தாக இருப்பதால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சுவர் எப்படி மாறுகிறது என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் இங்கே தொடங்கி, தேர்ந்தெடுத்த சில நோயாளிகளை மட்டும் டெம்முக்குக் கொண்டுபோவது நல்லது.

## ஒரே பார்வையில்

| | டெம் | வார்ப்பு + செம் | தொகுதி முறை | பாரஃபின் மீட்பு |
|---|---|---|---|---|
| சிறந்த கேள்வி | சுவரின் நுண்ணமைப்பு | வலையமைப்பு | ஒரே குழாயின் பாதை, பெரிசைட் வடிவம் | பழைய நோயாளிகள், குறித்த குழாய் |
| திசு நிலை | உடனடி குளூட்டரால்டிஹைடு | நிலைப்படுத்தாத, அலசிய உறுப்பு | உடனடி, கனமான சாயம் | ஃபார்மலின் |
| மனிதத் திசு | ஏற்றது | பெரும்பாலும் ஏற்றதல்ல | ஏற்றது | ஏற்றது |
| நோயாளிகள் | சிலர் முதல் சில பத்துப் பேர் | விலங்குக் குழுக்கள் | ஒருவர் இருவர் | சில பத்துப் பேர் |
| பெரிய மறைச்செலவு | வெட்டும் கை, கழிவு | ரெசின் சரக்கு, நாட்கள் | தரவு, கோடிடும் உழைப்பு, மின்சாரம் | கிடைக்காத விவரங்கள் |

## யாருக்கு எது

முதுகலை ஆய்வு, ஒன்றரை இரண்டு ஆண்டு, மனிதத் திசு: எண்டோஸ்கோப்பி பயாப்சியும் டெம்மும், கூடவே சிடி34. அறுவைத் திசுவைவிடப் பயாப்சியே எண்டோதீலியத்துக்கு நல்லது. இடுக்கி எடுத்த நிமிடத்திலேயே திரவத்தில் போடலாம். இடுக்கி நசுக்கிய விளிம்பையும், மேற்படலம் மட்டுமே கிடைக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆழத்து அடுக்குகள் வேண்டுமானால் அறுவைத் திசுதான். அப்போது தமனி கட்டிய நேரத்தை அறுவைக் குறிப்பிலிருந்து பெற்றாக வேண்டும்.

முனைவர் பட்டம், விலங்கு மாதிரி, குழாய் வளர்ச்சியின் கட்டங்கள்: வார்ப்பை முதுகெலும்பாக வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வேறு இரண்டு மூன்று விலங்குகளை டெம்முக்கு ஒதுக்குங்கள். அவற்றை இதயம் வழியாக நிலைப்படுத்தும் திரவம் செலுத்தி நிலைப்படுத்தலாம் என்பதால் குழாய்கள் விரிந்தபடியே கிடைக்கும். மனிதத் திசுவில் அந்த வசதி இல்லை.

தொகுதி முறையை, டெம்மில் ஏற்கெனவே கண்ட ஒன்றை நிரூபிக்க மட்டும் எடுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் 200 ஜிகாபைட்டுக்குள் இறங்குவது ஆண்டுகளை விழுங்கும். ஆனால் திசுவைத் தயாரிக்கும் நாளிலேயே இரண்டு துண்டுகளை அடுக்குச் சாயமுறையில் தனியே புதைத்து வைத்துவிடலாம். பிறகு தேவைப்பட்டால் பிளாக் காத்திருக்கும்.

டர்பனில் இருப்பவர்களுக்கு வழி எளிது. க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் நுண்ணோக்கிப் பிரிவு வெஸ்ட்வில்லிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவ ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி கிடைக்கும் வரை ஒரு துண்டைக்கூட எடுக்க முடியாது என்பதால் விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள். சிறுநீரக பயாப்சிக்காக டெம் வேலை நடக்கும் நோய்க்கூறியல் துறை எதுவாயினும், அங்கிருக்கும் தொழில்நுட்பவியலாளரிடம் ஆலோசனை கேளுங்கள். சிறு துண்டை விரைவாக நிலைப்படுத்துவதில் அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் இல்லை.

அறுவை அரங்குக்கு எடுத்துப்போகும் தட்டில் இருக்க வேண்டியவை: பல் மருத்துவ மெழுகுத் தகடு, இரட்டை முனைச் சவரத்தகடு புதியது இரண்டு, நுனி மெல்லிய இடுக்கி, பனிக்கட்டிப் பெட்டி, பெயருக்குப் பதில் ஆய்வு எண் மட்டும் எழுதிய குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் 10 மி.லி. நிலைப்படுத்தும் திரவம், துண்டுகளின் கன அளவைப்போல் இருபது மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மெழுகுத் தகட்டில் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, அந்தச் சொட்டுக்குள்ளேயே திசுவை வெட்டுங்கள். தகட்டை அழுத்தாமல் இழுத்து அறுக்க வேண்டும், இல்லையேல் குழாய்கள் நசுங்கும். கட்டியின் ஓரத்திலிருந்து ஆறு துண்டு, உள்ளிருந்து ஆறு, தள்ளிய சளிப்படலத்திலிருந்து ஆறு. நடுவே அழுகிய பகுதியை விடுங்கள். எந்தத் துண்டை எங்கிருந்து எடுப்பது என்று நோய்க்கூறியல் மருத்துவர்தான் காட்ட வேண்டும். கட்டிய நேரம், வெளியே வந்த நேரம், திரவத்தில் போன நேரம் மூன்றையும் அங்கேயே எழுதுங்கள். குளூட்டரால்டிஹைடு அந்த வாரம் கலந்ததாக, 4 டிகிரியில் வைத்ததாக இருக்கட்டும். மஞ்சள் படர்ந்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.